போர்க்காலச் செய்தியும் அயல்நாட்டு வாழ்வும்: காவிரிப் படுகையிலிருந்து ஒரு நோக்கு

காவிரிப் படுகையின் உழவர் நாளிதழைப் படிக்கும் முறை தனித்தன்மை வாய்ந்தது. வைகாசி, ஆனி மாதங்களில் தேநீர்க் கடையில் நாளிதழைக் கையில் எடுப்பவர் முதலில் தேடுவது மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையே. முழுக் கொள்ளளவான 120 அடியில் இன்று எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி என்னும் மூன்று எண்களைக் கொண்டு, தம் ஊர்க் கடைமடைக்கு எப்போது தண்ணீர் வந்து சேரும், நாற்று விடலாமா, குறுவையைக் கைவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருக்கலாமா என்பதை அவர் கணித்துவிடுவார். வழக்கப்படி சூன் 12-ஆம் நாள் அணை திறக்கப்படும் என்று எவர் அறிவித்தாலும், எண்களைப் பாராமல் அவர் விதைநெல்லை ஊறவைப்பதில்லை. 1934-ல் அணை கட்டி முடிக்கப்பட்ட காலந்தொட்டு இப்பயிற்சி தலைமுறை தலைமுறையாக வருகிறது. செய்தியைச் சோதிப்பதற்கு அவரிடம் ஓர் அளவுகோல் உண்டு. அது அவருடைய வாய்க்கால்.

அதே உழவர் வீட்டில் ஒரு மகன் குவைத்திலோ, சிங்கப்பூரிலோ, வேறு ஏதேனும் தூரதேசத்திலோ வேலை செய்துகொண்டிருப்பான். அந்நாட்டில் போர் மூண்டது என்னும் செய்தி வரும் நாளில் அவரிடம் வாய்க்கால் இல்லை. தலைப்புச் செய்தியும், எரியும் கட்டடத்தின் படமும் மட்டுமே உள்ளன. அவற்றைக் கொண்டு அவர் முடிவெடுத்தாக வேண்டும். பயணத்திற்காக நகையை அடகுவைத்த கடன் தீரவில்லை; மகனைத் திரும்பி வரச் சொல்வதா, இருந்து கடனை அடைக்கச் சொல்வதா? பல நேரங்களில் இக்கேள்வி சபையின் ஆயரிடமே வந்து சேர்கிறது. நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு, "ஐயா, இதில் எழுதியிருப்பது உண்மைதானா?" என்று கேட்கும் தாய்க்கு மறுமொழி கூற வேண்டியவர் அவரே. ஆகவே போர்க்காலச் செய்தி எவ்வாறு உருவாகிறது, அயலகத்து வாழ்வைப் பற்றி அது நம் உள்ளத்தில் எத்தகைய சித்திரத்தை வரைகிறது என்பதை ஆராய்வது இறையியல் மாணவருக்குப் புறம்பான காரியமன்று.

நாமே அயல்நாடாக இருந்த காலம்

இவ்வாராய்ச்சியைக் குவைத்திலிருந்தன்று, தரங்கம்பாடியிலிருந்து தொடங்குவதே பொருத்தம். ஏனெனில் அச்சுச் செய்தியின் வழியாகப் பிறர் கற்பனை செய்துகொண்ட 'தூரதேசம்' ஒரு காலத்தில் நம் படுகையாகவே இருந்தது.

சீகன்பால்கும் புளூச்சோவும் 1706 சூலை 9-ல் தரங்கம்பாடியில் கரையிறங்கினர். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தோரும் எழுதிய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் செர்மனியின் ஹாலே நகரில் அகஸ்து ஹெர்மன் பிராங்கே 1710 முதல் அச்சிட்டு வெளியிடலானார். ஹாலே அறிக்கைகள் என்று வரலாற்றாசிரியர் குறிப்பிடும் இவ்வெளியீடே சீர்திருத்தத் திருச்சபையின் முதல் அருட்பணிப் பருவ இதழ் எனலாம். பிராங்கேக்குப் பின் அவர் மகனும் பிறரும் இதனைத் தொடர்ந்தனர். தஞ்சாவூரை ஒருபோதும் காணாத செர்மானியக் குடும்பங்கள் மாலை வேளையில் இதனைப் படித்து, தஞ்சாவூருக்காக மன்றாடி, காணிக்கையும் அனுப்பின.

இவ்வறிக்கைகள் கடந்துவந்த கைகளை எண்ணிப் பார்ப்போம். தஞ்சை நாட்டுச் சிற்றூர்களில் நடந்ததைக் கண்டவர் ராஜநாயக்கன் போன்ற உபதேசியார்கள். அவர்கள் தமிழில் கூறியதைச் செர்மானிய ஊழியர் தம் மொழியில் எழுதினார். எழுதியது கப்பலேறி ஐரோப்பாவை அடைய ஏழு, எட்டு மாதங்களாயின. சீகன்பால்க் இங்கு வந்த பயணமே 1705 நவம்பர் இறுதியில் தொடங்கி ஏழு மாதங்களுக்கு மேல் நீடித்தது. ஹாலேயில் பதிப்பாசிரியர் அதனைச் சுருக்கினார்; வாசகரின் பக்திக்கும் கொடையாளரின் மனநிலைக்கும் பொருந்தாதவற்றை நீக்கினார். கையெழுத்துப் படிகள் ஹாலே ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருப்பதால், நீக்கப்பட்டவை எவை என்பதை ஆய்வாளர் ஒப்பிட்டுக் காணமுடிகிறது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்க் 1713-ல் எழுதி அனுப்பிய நூல் அங்கே அச்சேறவில்லை. ஊழியர்கள் அனுப்பப்பட்டது புறச்சமயத்தை ஒழிப்பதற்கேயன்றி அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்பது அங்கிருந்தோர் கருத்து. ஜெர்மான் என்பார் 1867-ல் சென்னையில் அதனைப் பதிப்பிக்கும் வரை, ஒன்றரை நூற்றாண்டு காலம் அது கையெழுத்தாகவே கிடந்தது. தமிழர் தாமே எழுதிய மடல்கள் சில மொழிபெயர்க்கப்பட்டு இவ்வறிக்கைகளில் இடம்பெற்றன என்பதையும் சொல்ல வேண்டும். அதுவும் பதிப்பாசிரியரின் அடிக்குறிப்புகளோடுதான்.

போர் வந்தபோது இச்சித்திரம் மேலும் கோணியது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை நாடு ஓய்ந்திருந்த ஆண்டுகள் சிலவே. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சாவூரை முற்றுகையிட்டார். 1771-லும் 1773-லும் ஆர்க்காட்டு நவாபும் கும்பினிப் படையும் வந்தன. இரண்டாம் முறை கோட்டை வீழ்ந்து, மன்னர் துளஜா சிறைப்பட்டார். 1776-ல்தான் அரசு அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அப்போது இலண்டனில் நடந்தது கவனிக்கத்தக்கது. தஞ்சை மன்னரின் முகவராக வில்லியம் பர்க்கும், நவாபின் முகவராக ஜேம்ஸ் மக்பர்சனும் துண்டுநூல்களால் பொருதினர். கூலிக்கு எழுதும் போர்ச்செய்தி நம் காலத்துப் புதுமையன்று. தஞ்சாவூர் செழித்ததா நலிந்ததா, அதன் மன்னர் நல்லவரா தீயவரா என்பதை இலண்டன் வாசகர் இவ்விரு முகவரில் எவருடைய தாளைப் படித்தார் என்பதே தீர்மானித்தது. வயலில் நின்றவனை எவரும் கேட்கவில்லை.

சுவார்ட்ஸ் ஐயரின் மறுப்பு

இவ்வரலாற்றில் நமக்கு மிகுந்த பயன் தருவது 1793-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. கும்பினியின் பட்டயத்தைப் புதுப்பிக்கும் விவாதம் அவ்வாண்டு மே மாதத்தில் இங்கிலாந்தின் மக்களவையில் நடைபெற்றது. இந்தியாவுக்கு அருட்பணியாளரை அனுப்பும் வகையில் வில்பர்போர்சு கொண்டுவந்த வாசகத்தை எதிர்த்து மாண்ட்கோமரி காம்பெல் என்னும் உறுப்பினர் பேசினார். தென்னிந்தியாவில் பதவி வகித்துத் திரும்பியவர் அவர். கிறிஸ்தவர்களான இந்தியர் ஒழுக்கம் கெட்டவர், திருடர் என்பதும், சுவார்ட்சின் சபையாரே அதற்குச் சான்று என்பதும் அவர் பேச்சின் சாரம். 'கூரியர்' என்னும் இலண்டன் மாலையிதழ் அதனை வெளியிட்டது. அவ்விதழின் நறுக்கு கடல் கடந்து தஞ்சாவூருக்கு வந்தது. அப்போது சுவார்ட்ஸ் இந்நாட்டில் 40 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்டிருந்தார்.

அவர் 1794 பிப்ரவரியில் கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கத்துக்கு எழுதிய மறுமொழியைச் சங்கம் அச்சிட்டது. அதில் நாம் வியப்பது யாதெனில், அவர் பொதுப்படையாக வாதிடவில்லை. கூறப்பட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, தாம் அறிந்த ஊரையும் ஆளையும் நிகழ்ச்சியையும் கொண்டு மறுத்தார். ஹைதர் அலியின் போர்க்காலத்தில் தஞ்சாவூரில் நிகழ்ந்தவற்றையும் எழுதினார். 1781-ல் ஹைதரின் படை படுகைக்குள் புகுந்தபோது மதகுகளும் வாய்க்கால்களும் பாழாயின, வயல்கள் தரிசாயின, கோட்டைக்குள் பஞ்சம் தலைவிரித்தாடியது. வெளியூர்களில் தானியம் இருந்தும் உழவர் அதைக் கோட்டைக்குக் கொண்டுவர மறுத்தனர். முன்னர்க் கொண்டுவந்தபோது அவர்களுக்குக் கூலியோ விலையோ கிடைக்கவில்லை. மன்னரும் அலுவலரும் கொடுத்த வாக்கை அவர்கள் நம்பவில்லை. தாமே பொறுப்பு என்று சுவார்ட்ஸ் கூறியபின் வண்டிகள் வந்தன; கோட்டை பிழைத்தது.

இதில் இரு பாடங்கள் உள்ளன. மக்களவையில் ஒருவர் சில நிமிடங்களில் பேசியதை மறுக்க, ஊரோடு ஒட்டிய நாற்பதாண்டு வாழ்வும், ஒரு நெடுங்கடிதமும், கப்பலின் பல மாதப் பயணமும் தேவைப்பட்டன. பழிச்சொல் ஓர் இரவில் அச்சேறியது. மறுப்பு ஓராண்டு கழித்தே வாசகரை அடைந்தது. அடுத்தது, சுவார்ட்சின் குரல் இலண்டனில் கேட்கப்பட்டது. அவர் யாருக்காகப் பேசினாரோ அந்தக் கிறிஸ்தவரின் குரலும், வண்டி பூட்டிய உழவரின் குரலும் கேட்கப்படவில்லை. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட செய்தியிலும் வாழ்வோர் பொருளாகவே நின்றனர், பேசுவோராக நிற்கவில்லை. நம் இதழ்கள் பிற நாட்டுப் போர்களைப் பற்றி எழுதும்போதும் நிலை பெரும்பாலும் இதுவேயாகும்.

ரயில்பாதையும் திரைப்படமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை தலைகீழாயிற்று. இப்போது படுகையின் மக்களே தூரதேசம் சென்றனர். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் எடுக்கப்பட்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் திருச்சிராப்பள்ளியும் முன்னின்றன. நாகப்பட்டினம் துறையில் கப்பலேறிய நிலமற்ற கூலிகளில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகூர் ஆகிய ஊர்களின் இசுலாமிய வணிகர் மலாயா, பர்மா, சிங்கப்பூரில் கடை வைத்தனர். 'ராஜூலா' கப்பல் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 1970-களின் தொடக்கம் வரை ஓடியதை முதியோர் இன்றும் நினைவுகூர்வர்.

1941 திசம்பரில் சப்பானியக் குண்டுகள் இரங்கூனில் விழுந்தன. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் சரணடைந்தது. அன்றோடு கடிதமும் பணவிடையும் நின்றன. அடுத்த மூன்றரை ஆண்டுகள் படுகையின் இல்லங்களுக்கு எட்டியவை தணிக்கையான நாளிதழும், அரசு வானொலியும், பகைநாட்டு அலைவரிசைகளில் இரகசியமாகக் கேட்டவையும் மட்டுமே. ஒன்று வெற்றி என்றதை மற்றொன்று தோல்வி என்றது. மகன் உயிரோடு இருக்கிறானா என்னும் கேள்விக்கு இரண்டிலும் விடையில்லை. பர்மாவிலிருந்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் காட்டு வழியாக நடந்தே தாயகம் வந்தனர். வழியில் இறந்தோர் ஆயிரக்கணக்கினர். ஐரோப்பியருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு வேறு பாதை என்னும் குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. வந்து சேர்ந்தவர் வாய்மொழியாகக் கூறியதே ஊருக்குக் கிடைத்த முதல் உண்மைச் செய்தி.

சயாமையும் பர்மாவையும் இணைக்கச் சப்பானியர் இட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதையின் கதை இதனினும் துயரமானது. 1943 அக்டோபரில் முடிந்த அவ்வேலையில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர் மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரும், பர்மியரும், சாவகத்தாரும், பிறருமாகிய ஆசியத் தொழிலாளர் அதனைப்போல் பல மடங்கு மாண்டனர். எண்பதாயிரத்துக்குக் குறையாது என்பது பலர் மதிப்பீடு. ஆயினும் உலகம் இந்த ரயில்பாதையை அறிந்தது போர்க்கைதிகளின் நினைவுக்குறிப்புகளாலும், 1957-ல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' திரைப்படத்தாலுமே. அதில் தமிழ்த் தொழிலாளரைத் தேடினும் காண இயலாது. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. தோட்டத் தமிழருக்கு அத்தகைய பெயர்கள் இல்லை. எழுதத் தெரிந்தவனும், எழுதியதை வெளியிடப் பதிப்பாளன் உள்ளவனுமே போரின் முகமாகிறான். தோட்டத்துக் கூலிக்கு இரண்டும் இல்லை. அவன் புறப்பட்ட தஞ்சைச் சேரியில் அவன் மனைவி தாலியைக் களைவதா வேண்டாவா என்று அறியாமலே வாழ்ந்து முடித்திருப்பாள்.

பாக்கு நீரிணைக்கு அப்பால்

கோடிக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாடு அறுபது கிலோமீட்டர் அளவே. அந்நாட்டுப் போர் அயலகப் போராயினும் நம் கரையில் அலையடித்தது. 1983 சூலையில் கொழும்பில் தமிழர் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது தமிழகமே கொதித்தெழுந்தது. அதில் நியாயம் இருந்தது. ஆயினும், அந்நாள்களில் தம் வீட்டில் தமிழரை ஒளித்துவைத்துக் காத்த சிங்கள அயலாரைப் பற்றி நம் இதழ்களில் வந்தவை குறைவு. மலையகத் தோட்டத் தமிழரின் நிலை யாழ்ப்பாணத் தமிழரின் நிலையினும் வேறானது என்பதும் பலருக்கு விளங்கவில்லை. அம்மலையகத்தாரின் முன்னோர் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரைச் சீமைகளிலிருந்து சென்றவராயிருந்தும், நம் பத்திரிகைக் கண்ணுக்கு அவர்கள் அந்நியராயினர்.

இங்கு வந்து முகாம்களில் தங்கிய ஏதிலியரைப் பற்றிய எண்ணம் எவ்வாறு மாறியது என்பதை எண்ணும்போது, செய்தியின் ஆற்றல் நமக்கு அச்சமூட்டுகிறது. 1983-க்குப் பின் அவர்கள் நம் உடன்பிறப்புகள். திருமண வீடுகளில் அவர்களுக்கு இலை போடப்பட்டது. 1991 மே 21-ல் திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தி கொலையுண்டபின், சில நாள்களில் அதே ஏதிலியர் ஐயத்துக்குரியோர் ஆயினர். முகாமில் இருந்த மூதாட்டி மாறவில்லை. அவளுடைய கூடாரமும் மாறவில்லை. நாளிதழில் அவளைக் குறித்த சொல் மாறிற்று. அம்மாற்றத்தின் பின் அவளுடைய பேரனுக்குப் பள்ளியில் இடம் கிடைப்பதும், வேலை கிடைப்பதும், வாடகைக்கு வீடு கிடைப்பதும் அரிதாயிற்று. அக்காலத்தில் முகாம்களுக்குத் தொடர்ந்து சென்ற ஊழியர்கள் இதனைக் கண்கூடாகக் கண்டவர்கள்.

செய்தியின் மிகுதியால் விளையும் கேடு இதுவெனில், செய்தியின்மையால் விளைவது மற்றொன்று. 2008 செப்டம்பரில் ஐக்கிய நாடுகளின் அலுவலர் வன்னியை விட்டு வெளியேறினர். செய்தியாளர் போர்முனைக்குச் சுதந்திரமாகச் செல்ல இயலவில்லை. 2009 மே மாதம் போர் முடியும்வரை உள்ளிருந்து வந்த குரல், எஞ்சியிருந்த மருத்துவர் சிலர் தொலைபேசியில் கூறியதே. போர் முடிந்தபின் அம்மருத்துவர் காவலில் வைக்கப்பட்டனர். நாற்பதாயிரம் குடிமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலரின் வல்லுநர் குழு கூறியது 2011-ல், இரண்டாண்டு கழித்தே.

குவைத்து, 1990

ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்தில் நுழைந்தது. அங்கு ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் இருந்தனர். படுகையின் இசுலாமியரும், இந்துக்களும், கிறிஸ்தவரும் அவர்களுள் இருந்தனர். தொலைபேசி அறுந்தது. வெளியுறவு அமைச்சர் குஜ்ரால் பாக்தாத் சென்று சதாம் உசேனைத் தழுவி நின்ற படம் உலகெங்கும் வெளிவந்தது. அப்படத்தை மேலைநாட்டார் வெட்கக்கேடு என்றனர். மகனைக் குவைத்தில் விட்டிருந்த தாய் அதே படத்தை நம்பிக்கையின் அடையாளமாகக் கண்டாள். ஒரே படம் இருவருக்கு இரு செய்தி.

பாலைவனத்தைக் கடந்து யோர்தானின் அம்மான் நகரை அடைந்தோரை ஏர் இந்தியா விமானங்கள் பம்பாய்க்குக் கொண்டுவந்தன. அக்டோபர் வரை 488 முறை விமானங்கள் சென்றுவந்தன. இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். மாபெரும் சாதனையே. அச்சாதனையோடு செய்தி முடிந்தது. ஊர் திரும்பியவனின் கையில் இருந்த குவைத்து தினார் ஏறத்தாழ வெறுந்தாளானதும், முகவருக்குக் கொடுக்க வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்ததும், நிலுவைச் சம்பளத்தைக் கேட்க முதலாளியே இல்லாமற்போனதும் தலைப்பில் வரவில்லை. 1991 சனவரியில் வளைகுடாப் போர் தொலைக்காட்சியில் இரவும் பகலும் காட்டப்பட்டது. பாக்தாதின் வானத்தில் பறந்த ஒளிக்கோடுகளை உலகம் வேடிக்கை பார்த்தது. அக்காட்சிகளில் தெருவும், சந்தையும், சமையலறையும் இல்லை. குவைத்தை ஒரு நாடாக அன்றி ஒரு தீப்பிழம்பாகவே நம் மக்கள் மனத்தில் பதித்துக்கொண்டனர். ஆயினும் போர் ஓய்ந்த சில மாதங்களுக்குள் அவர்களே மீண்டும் அங்குச் செல்ல முகவரைத் தேடி அலைந்தனர். வறுமை, தொலைக்காட்சியைவிட வலிய ஆசிரியர்.

2016-ல் இம்மீட்பைப் பற்றி 'ஏர்லிஃப்ட்' என்னும் இந்தித் திரைப்படம் வந்தது. அதன் தலைவன் ஒரு பெருவணிகன். அரசு அலுவலர் செயலற்றவராகச் சித்திரிக்கப்பட்டதை வெளியுறவுத்துறை மறுத்தது. வீட்டுவேலைக்குச் சென்ற பெண்களின் கதையை எவரும் படமாக்கவில்லை. குவாய் நதிப் பாலத்துக்குப் பின் அறுபதாண்டு சென்றும் கதை சொல்லும் வழக்கம் பெரிதும் மாறிவிடவில்லை.

செய்தி ஓய்ந்தபின்தான் ஆயரின் பணி தொடங்கியது. ஐக்கிய நாடுகள் 1991-ல் நிறுவிய இழப்பீட்டு ஆணையம், போரால் குவைத்தையும் ஈராக்கையும் விட்டு வெளியேறிய தனிமனிதருக்கு 2,500 முதல் 4,000 டாலர் வரை வழங்க முடிவுசெய்தது. படிவம் வேண்டும், கடவுச்சீட்டின் நகல் வேண்டும், கெடு நாள் உண்டு. இச்செய்தி தீப்பிழம்பைப்போல் முதற்பக்கத்தில் வருவதன்று. எழுதப்படிக்கத் தெரியாத குடும்பம் இதனை அறிந்ததா, படிவத்தை நிரப்ப எவரேனும் உதவினரா என்பதில்தான் ஒரு வீட்டின் கடன் தீர்வதும் தீராததும் தங்கியிருந்தது.

செய்தியின் இயல்பு

நார்வே நாட்டு அறிஞர்களான யோகான் கால்டுங்கும் மரி ரூகும் 1965-ல், காங்கோ, கியூபா, சைப்பிரசு நெருக்கடிகளை நார்வே நாளிதழ்கள் வெளியிட்ட முறையை ஆராய்ந்தனர். ஒரு நாடு பண்பாட்டளவில் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தீமை நிகழ்ந்தால்தான் அது செய்தியாகும். வல்லரசுகளைத் தொடும் நிகழ்ச்சி எளிதில் செய்தியாகும். மெதுவாக நடப்பது செய்தியாகாது என்பவை அவர்கள் முடிபுகளிற் சில. யுனெஸ்கோவுக்காக மக்பிரைடு குழு 1980-ல் அளித்த அறிக்கையும், உலகச் செய்தி ஒரு சில மேலைநாட்டு நிறுவனங்களின் வழியாகவே பாய்வதைச் சுட்டியது. மேட்டூர் நீர்மட்டம் அன்றாடம் வெளிவருவதால்தான் படுகையார் அதைப் புரிந்துகொள்கின்றனர். அமைதி நாளில் ஈராக்கைப் பற்றி ஒரு வரியும் படியாதவர், போர் நாளில் அதனைப் புரிந்துகொள்வது எங்ஙனம்? நூறு நாள் வெறுமையாகக் கிடந்த வாய்க்காலில் ஒருநாள் வெள்ளம் வந்தால், அதன் ஆழத்தை எவரும் சரியாக மதிப்பிடார்.

அலைபேசி வந்தபின் இந்நிலை மாறிவிட்டது என்பர். பாதி உண்மை. 2022 பிப்ரவரியில் உக்ரேனில் சிக்கிய நம் மருத்துவ மாணவர் நிலவறையிலிருந்தே பெற்றோருடன் பேசினர். அதே நாள்களில் கணினி விளையாட்டிலிருந்து எடுத்த காட்சிகள் போர்க்காட்சிகளென்று கோடிக்கணக்கானோரிடம் பரவின. அரசின் வாய்ச்சொல்லும் எப்போதும் துணைபுரிவதில்லை. 2014 சூனில் மோசூலில் கடத்தப்பட்ட 39 இந்தியத் தொழிலாளர் உயிரோடிருப்பதாகவே அவர்தம் குடும்பங்களுக்குப் பலமுறை கூறப்பட்டது. அவர்கள் இறந்தது 2018 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

சபையில் இதனைக் கையாளும் முறை

திருமறை இச்சிக்கலை அறியாததன்று. தூரதேசத்துச் செய்தியைக் குளிர்ந்த நீருக்கு ஒப்பிடும் நீதிமொழியை (25:25) நாம் அறிவோம். ஆயின் அப்சலோமின் போர்க்களத்திலிருந்து ஓடிவந்த அகிமாசையும் (2 சாமுவேல் 18) நினைக்க வேண்டும். அவன் விரைந்தோடி முந்திவந்தான். பெருங்கூட்டத்தின் ஆரவாரத்தைக் கண்டதாகச் சொன்னான். மகன் என்னவானான் என்னும் தந்தையின் ஒரே கேள்விக்கு அவனிடம் விடையில்லை. எரேமியா 29-ஆம் அதிகாரமோ நமக்கு இன்னும் நெருங்கியது. பாபிலோனில் சிறைப்பட்டோரைப் பற்றி எருசலேமில் உலவிய செய்தி, இரண்டாண்டில் அவர்கள் திரும்பிவிடுவர் என்பது. அனனியா அதனை ஆலயத்திலேயே முழங்கினான். மக்கள் விரும்பியது அதுவே. எரேமியா எழுதிய மடலில் வீடு கட்டுதலும், தோட்டம் நடுதலும், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்தலும் வருகின்றன. அயல்நாட்டில் போரின் நடுவிலும் மக்கள் வாழ்கிறார்கள் என்பதை அம்மடல் ஏற்றுக்கொண்டது.

ஞாயிறு ஆராதனையில் நாம் ஏறெடுக்கும் பொது மன்றாட்டை இவ்வொளியில் பார்ப்போம். போர் மூண்ட ஞாயிறன்று நாட்டின் பெயர் சொல்லப்படும். ஒரு மாதம் சென்றால் அப்பெயர் மறையும். நாளிதழே நம் மன்றாட்டுப் பட்டியலை எழுதுகிறது எனலாம். சபையாருள் எவர் எந்நகரில் எவ்வேலையில் உள்ளார் என்னும் குறிப்பேட்டை அமைதிக் காலத்திலேயே ஆயர் வைத்திருப்பாராயின், போர் நாளில் தாய்க்கு மறுமொழி கூறுவது வேறுவிதமாக அமையும். குண்டு விழுந்த ஊருக்கும் மகன் வேலைசெய்யும் ஊருக்கும் எவ்வளவு தூரம் என்பதை நிலப்படத்தில் காட்டலாம். அச்செய்தியைக் கூறியவர் அங்கு நின்றவரா, வேறு நாட்டில் அமர்ந்து எழுதியவரா என்று சேர்ந்து பார்க்கலாம். தூதரகத்தின் அறிவிப்பையும், மகனோடு ஒரே அறையில் தங்கிய அடுத்த ஊர்ப் பையனின் சொல்லையும் ஒப்பிடலாம். அந்த அறைத்தோழன் பெரும்பாலும் வேறு சமயத்தவனாயிருப்பான். கூத்தாநல்லூர்ப் பள்ளிவாசலில் விசாரிக்க ஆயர் கூசலாகாது.

திரும்பி வந்தோரைச் சந்திக்கும்போது ஒன்றைக் கவனிக்கிறோம். அவர்கள் பேசுவதில்லை. ஊரார் எல்லாவற்றையும் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, குண்டு விழுந்ததா, பயந்தாயா என்று மட்டும் கேட்கின்றனர். அவர்களும் ஆம் என்று கூறி முடித்துவிடுகின்றனர். அங்கே யார் சமைத்தது, அரிசி எங்கிருந்து வந்தது, சம்பளம் எத்தனை மாதம் நிலுவை, உடனிருந்த வங்காளியும் பிலிப்பினோவும் எங்கே போனார்கள், முதலாளி கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தாரா என்று கேட்டால் அவர்கள் நிமிர்ந்து உட்கார்கின்றனர். அத்தகைய இல்லச் சந்திப்புக்கு ஒரு மாலைப் பொழுது போதாது.